அஸ்டோரியா முகத்துவாரத்தில் ஸ்டர்ஜன் பிடிக்கும் வார இறுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலம்பியா ஆறு பசிபிக் கடலில் கலக்கும் இடத்தில், ஓரிகன் மாநிலத்துக் கரையில் இருக்கும் சின்ன ஊர் அஸ்டோரியா. மே, ஜூன் மாதங்களில் ஒரு வார இறுதிக்கு எங்கள் நண்பர் கூட்டம் அங்கே ஸ்டர்ஜன் பிடிக்கக் கிளம்பும். பெரும்பாலும் போர்ட்லண்ட் நகரை ஒட்டிய ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் பக்கம் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள். அங்கிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். புதிதாகச் சேருகிறவர்கள் வாட்ஸ்அப்பில் வருடா வருடம் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள், நானும் அதே பதிலைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். தேதி, அளவு பற்றிய விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் கிளம்பும் வாரம் மாநில மீன்வளத் துறையின் அறிவிப்பை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஸ்டர்ஜன் என்பது என்ன மாதிரி மீன்? நம் ஊரில் உண்டா?

நம் ஊரில் இல்லை. ஸ்டர்ஜன் குடும்பமே வட அரைக்கோளத்தின் குளிர்ந்த நீரில்தான் வாழ்கிறது. கொலம்பியாவில் நாம் தேடிப் போவது வெள்ளை ஸ்டர்ஜன். வட அமெரிக்காவின் நன்னீரில் கிடைக்கும் மீன்களில் இதுதான் மிகப் பெரியது. பத்தடிக்கு மேல் வளரும், நூறு வயதைத் தாண்டியும் வாழும்.

கையில் பிடித்துப் பார்த்தால்தான் இதன் விசித்திரம் புரியும். செதில் கிடையாது. அதற்குப் பதில் முதுகிலும் பக்கவாட்டிலும் வயிற்றோரத்திலும் ஐந்து வரிசையாக எலும்புத் தகடுகள். இளம் மீனில் இவை தேங்காய்த் துருவி போலக் கூர்மையாக இருக்கும். கையுறை இல்லாமல் தடவிப் பார்க்கிறவர் ஒரு முறைதான் தடவுவார். வயதாக ஆக அந்தக் கூர்மை மழுங்கிவிடும். உள்ளே எலும்புக்கூடு பெரும்பாலும் குருத்தெலும்பு. மூக்கின் அடிப்பக்கம் நான்கு மீசைகள் தொங்கும், அவற்றுக்குப் பின்னால் வாய். அந்த வாயில் பல்லே இல்லை. இரை மீசையில் பட்டதும் வாய் குழாயாகக் கீழே நீண்டு, தரையில் கிடப்பதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். கலங்கிய நீரில் கண்ணால் பெரிதாகப் பயனில்லை. மீசையும் மோப்பமும், மூக்கடியில் இருக்கும் மின்னுணர்வுத் துளைகளும்தான் இரையைக் காட்டிக்கொடுக்கின்றன.

ஏன் முகத்துவாரம் வரை போக வேண்டும்? போர்ட்லண்டிலேயே ஆறு ஓடுகிறதே?

போர்ட்லண்டிலும் ஸ்டர்ஜன் உண்டு. ஆனால் வசந்த காலத்தின் கடைசியில் கடலிலிருந்து நெத்திலிக் கூட்டம் முகத்துவாரத்துக்குள் நுழைகிறது. மணல் திட்டுகளில் இறாலும் சிப்பியும் ஏராளம். மேலே இருக்கும் மீன் இரை தேடிக் கீழே இறங்கி வருகிறது, நாமும் பின்னால் போகிறோம்.

இன்னொன்று, இடத்தின் விரிவு. அஸ்டோரியாவிலிருந்து எதிர்க்கரை வாஷிங்டன் மாநிலத்துக்குப் போகும் அஸ்டோரியா-மெக்லர் பாலம் 1966-இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 6.5 கிலோமீட்டர். ஆறு அங்கே அவ்வளவு அகலம். அந்த அகலத்தில் பெரும்பகுதி ஆழமில்லாத மணல் திட்டு, நடுவே பள்ளமான ஓடைகள். நீர் ஏறும்போது ஸ்டர்ஜன் திட்டுகளின் மேல் ஏறி மேயும். வற்றும்போது பள்ளத்துக்கு இறங்கும். படகும் அதற்கேற்ப இடம் மாற்றிக்கொண்டே இருக்கும்.

எந்த வார இறுதி என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து. ஒன்று மீன்வளத் துறை அறிவிக்கும் நாட்கள், மற்றொன்று ஓத அட்டவணை, அதாவது கடல் நீர் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியல்.

முதலில் நாட்கள். ஓரிகன், வாஷிங்டன் இரண்டு மாநிலங்களும் சேர்ந்து உட்கார்ந்து, அந்த ஆண்டு இத்தனை மீனைத்தான் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப மீனை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதிக்கும் நாட்களை அறிவிக்கும். அதுவும் மே மாதத்தை ஒட்டிச் சில நாட்கள்தான். வழக்கமாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொடுப்பார்கள். சனிக்கிழமை அதில் இருக்கும், ஞாயிறு இருக்காது. கணக்கு நிரம்பிவிட்டால் நடுவிலேயே மூடிவிடுவார்கள். அனுமதி நாளன்றும் பிற்பகல் 2 மணியோடு கடையைக் கட்டச் சொன்ன ஆண்டுகள் உண்டு. மற்ற நாட்களில் பிடித்த மீனை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

அதனால் எங்கள் வார இறுதியின் அமைப்பு இதுதான்: வெள்ளி மாலை போய்ச் சேருவது, சனி விடியற்காலை சமையலுக்கு என்று முயற்சி, ஞாயிறு பிடித்து விடுவதற்கு மட்டும். என்னைக் கேட்டால் ஞாயிறுதான் நல்ல நாள். படகுகள் குறைவு, அவசரம் கிடையாது, அளவுகோலை யாரும் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை.

அப்புறம் ஓதம். மே, ஜூன் மாதங்களில் மலைப்பனி உருகி ஆற்றில் நீர் கூடுதலாக வரும். வற்றம் பெரிதாக இருக்கும் நாளில் ஆற்று வேகமும் ஓத வேகமும் ஒன்றுசேர்ந்து கடலை நோக்கி இழுக்கும். ஒரு ராத்தல் ஈயம் போட்டாலும் தரையில் நிற்காமல் உருளும். பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாட்களில் ஏற்றவற்றம் பெரிது என்பது நம் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முடிந்தவரை அந்த நாட்களைத் தவிர்த்து மிதமான ஓதம் உள்ள வாரத்தைப் பிடிப்போம். அலுவலக விடுப்பையும் பள்ளி நாட்காட்டியையும் பிறகுதான் பார்ப்பது. வரிசையை மாற்றினால் கூட்டம் சேரும், மீன் சேராது.

உரிமம் எல்லோருக்கும் வேண்டுமா?

ஓரிகனில் 12 வயது ஆனவர்கள் எல்லோருக்கும் மீன்பிடி உரிமம் வேண்டும். ஸ்டர்ஜனுக்கு அதோடு சால்மன், ஸ்டர்ஜன் எல்லாவற்றுக்கும் பொதுவான டேக் (பிடித்த மீனைப் பதியும் அட்டை) ஒன்றும் தனியாக வாங்க வேண்டும். இரண்டும் இணையத்தில் கிடைக்கும், கைப்பேசிச் செயலியிலேயே வைத்துக்கொள்ளலாம். வெளி மாநிலத்திலிருந்து வரும் மச்சான், தம்பி எல்லோருக்கும் கட்டணம் கூடுதல். இரண்டே நாளுக்கு வருகிறவர்கள் நாள் கணக்கு உரிமம் எடுத்தால் போதும்.

மீன் எடுத்தால் உடனே, அந்த இடத்திலேயே டேக்கில் பதிய வேண்டும். கரைக்குப் போய் நிதானமாகப் பதியலாம் என்பது அபராதத்தில் முடியும். அதிகாரிகள் படகில் வந்து கேட்பார்கள், கேட்டால் காட்ட வேண்டும்.

எவ்வளவு பெரிய மீனை எடுக்கலாம்?

பலருக்கு இங்கேதான் குழப்பம். சின்னதையும் எடுக்கக்கூடாது, பெரியதையும் எடுக்கக்கூடாது. முகத்துவாரப் பகுதியில் சமீப ஆண்டுகளின் அளவு 44 முதல் 50 அங்குலம். அளப்பது மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை, வாலின் கடைசி வரை அல்ல. ஸ்டர்ஜன் வாலின் மேல் மடல் சுறாவுக்கு இருப்பது மாதிரி நீண்டிருக்கும், அதையும் சேர்த்து அளந்தால் கணக்கு தப்பிவிடும். மீனைத் தட்டையாகப் போட்டு அளக்க வேண்டும். முதுகு வளைவின் மேல் டேப்பை ஓட்டக்கூடாது.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்று, வருடத்துக்கு இரண்டு. அளவுக்கு மேற்பட்ட பெரிய மீனைப் படம் எடுப்பதற்குக்கூட நீரிலிருந்து தூக்கக்கூடாது.

இத்தனை கெடுபிடி எதற்கு? ஆறு முழுக்க மீன் என்கிறீர்களே?

ஒரு காலத்தில் இங்கே கெடுபிடியே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சால்மன் வலைகளைக் கிழிக்கும் தொல்லை மீன் என்றுதான் ஸ்டர்ஜனை இங்கிருந்த வலைக்காரர்கள் நினைத்தார்கள். பிறகு கிழக்குக் கரையில் இறைச்சிக்கும் முட்டைக்கும் விலை ஏறியது, ரயில் வந்தது, ஐஸ் வந்தது. 1892-இல் கொலம்பியாவில் மட்டும் ஏறக்குறைய 55 லட்சம் பவுண்டு, அதாவது சுமார் 25 லட்சம் கிலோ ஸ்டர்ஜன் பிடித்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பிடிக்க மீன் இல்லை.

பெண் ஸ்டர்ஜன் முதன்முதலில் முட்டையிட 15, 20 ஆண்டுகள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதற்குப் பிறகும் வருடா வருடம் இடாது, சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். அப்படிப்பட்ட மீன் ஒருமுறை தீர்ந்தால் திரும்பி வர மனித ஆயுள் அளவுக்குக் காலம் பிடிக்கும். 1950-இல் ஆறு அடிக்கு மேற்பட்டதைத் தொடக்கூடாது என்று விதி வந்தது. முட்டையிடும் மீன்கள் அதனால்தான் தப்பின. கொலம்பியாவின் குறுக்கே 1938-இல் கட்டி முடித்த பானவில் அணைக்கு மேலே இருப்பவை தனித்தனியாக அடைபட்டுவிட்டன. மீன்கள் அணையைக் கடக்கக் கட்டிய மீன் ஏணியில் சால்மன் ஏறுவது போல ஸ்டர்ஜன் ஏறுவது அபூர்வம். அணைக்குக் கீழே, கடல் வரை போய்வர வழியுள்ள நம் பகுதி மீன்கள்தான் ஓரளவு நன்றாக இருக்கின்றன. அங்கும் எண்ணிக்கை குறைவதைக் கண்டு 2014 முதல் 2016 வரை எடுப்பதை முழுக்க நிறுத்திவைத்து, 2017-இல்தான் சில நாட்களுக்குத் திறந்தார்கள். அணைக்கடியில் கடல்சிங்கங்கள் வேறு பெரிய ஸ்டர்ஜன்களைத் தின்கின்றன.

எனவே "இரண்டு அங்குலம்தானே கூட, யார் பார்க்கப் போகிறார்கள்" என்கிறவருக்கு எங்கள் படகில் இடம் இல்லை. இதை ஒவ்வொரு வருடமும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

வாடகைப் படகா, சொந்தப் படகா?

முதல் முறை வருகிறவர்கள் எல்லோரும் கேப்டனோடு வரும் வாடகைப் படகில்தான். சிறு படகுக் கேப்டன்களின் உரிமம் பெரும்பாலும் கட்டணப் பயணிகள் ஆறு பேருக்கு மட்டும். ஏழாவது ஆளாக "சும்மா ஓரமா உட்கார்ந்துக்கிறேன்" என்பது நடக்காது. பன்னிரண்டு பேர் என்றால் இரண்டு படகு. ராடு, இரை, உயிர்காப்பு உடை எல்லாம் அவர்களே தருவார்கள். திரும்பி வந்ததும் உதவியாளருக்கு டிப்ஸ் கொடுப்பது வழக்கம், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தப் படகு வைத்திருக்கும் நண்பர்கள் ஹாமண்ட், வாரண்டன் அல்லது அஸ்டோரியாவின் கிழக்குத் துறையில் இறக்குவார்கள். அனுமதி நாட்களில் விடியற்காலையிலேயே வரிசை நிற்கும். பத்து குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சின் ஓட்ட ஓரிகனில் படகோட்டிக் கல்வி அட்டை வேண்டும்.

கடல் வாய் ஆபத்தானது என்கிறார்களே?

ஆபத்தானதுதான். கொலம்பியாவின் வாய்க்கு எதிரே இருக்கும் மணல் தடையையும் சுற்றுவட்டாரத்தையும் பசிபிக்கின் கல்லறை என்பார்கள். 1792 முதல் இன்று வரை சுமார் 2,000 கலங்கள் அங்கே மூழ்கியிருக்கின்றன. அமெரிக்கக் கடலோரக் காவல் படை கொந்தளிப்பில் மீட்புப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியை அதனருகே வைத்திருப்பது தற்செயல் அல்ல.

ஆனால் ஸ்டர்ஜனுக்கு அந்தத் தடையைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை. நாம் இருப்பது உள்ளே, பாலத்தின் இரு பக்கமும். நமக்கு உள்ள ஆபத்து வேறு, அது நங்கூரம்.

வற்றம் வேகமாக இழுக்கும்போது நங்கூரம் போட்ட படகு ஆற்றோட்டத்தை எதிர்த்து நிற்கிறது. கயிறு முன்பக்கம் கட்டியிருந்தால் படகு நீரைப் பிளந்து நிற்கும். பின்பக்கம் கட்டினால், அந்தத் தட்டையான பின்புறத்தில் நீர் ஏறி ஒரு நிமிடத்தில் படகு நிரம்பிவிடும். பின்பக்கம் நங்கூரம் போடுவது கூடவே கூடாது. நீர் 20 அடி ஆழம் என்றால் கயிறு 100 அடிக்குக் குறையாமல் விட வேண்டும். குறைத்தால் நங்கூரம் பிடிக்காமல் வழுக்கும், அல்லது பிடித்துக்கொண்டு படகின் மூக்கைக் கீழே இழுக்கும். கயிற்றின் நுனியில் பெரிய ஆரஞ்சு மிதவை ஒன்று கட்டி, ஒரே இழுப்பில் கழன்றுவிடும் கொக்கியில் மாட்டியிருப்பார்கள். பெரிய மீன் மாட்டினாலோ கப்பல் வந்தாலோ கயிற்றைக் கழற்றி விட்டுவிட்டுப் போகலாம். மிதவை அங்கேயே நிற்கும், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். முன்பக்கம் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கூரான கத்தியும் இருக்க வேண்டும்.

கப்பல் பாதையில் நங்கூரம் போடாதீர்கள். போர்ட்லண்ட் போய்வரும் தானியக் கப்பல்கள் நம்மைப் பார்த்து ஒதுங்க முடியாது. ஐந்து குறுகிய ஊதல் கேட்டால் அது உங்களுக்குத்தான்.

மதியத்துக்கு மேல் வடமேற்குக் காற்று எழும்பி வற்றத்தை எதிர்த்து அடிக்கும்போது, காலையில் குளம் மாதிரி இருந்த இடத்தில் அலைகள் செங்குத்தாக நிற்கும். நாங்கள் மதியத்துக்குள் கரை திரும்பிவிடுவோம்.

என்ன தூண்டில், என்ன இரை?

ஏழெட்டு அடி நீளமுள்ள தடித்த ராடு, 50 முதல் 80 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு. அதில் வழுக்கி ஓடும்படி ஈயம். நீரோட்டத்தைப் பொறுத்து 4 அவுன்ஸ் முதல் 16 அவுன்ஸ் வரை மாற்றிக்கொண்டே இருப்போம். ஈயம் வழுக்கி ஓடுவது முக்கியம். மீன் இரையை உறிஞ்சி நகரும்போது அதற்கு எடை தெரியக்கூடாது. கடைசியில் ஒரே ஒரு கொக்கி. அதில் எதிர்முள் இருக்கக்கூடாது, கடையில் பார்ப்லெஸ் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டாலும் சரி.

இரை முழு நெத்திலி. ஆம், நாம் வறுத்துச் சாப்பிடும் நெத்திலியின் பசிபிக் உறவுக்காரன், கொஞ்சம் பெரியது. மணல் இறால், கணவாய்த் துண்டும் போடலாம். நெத்திலியைக் கொக்கியில் கோத்த பிறகு வாலைச் சுற்றி நரம்பால் இரண்டு முடிச்சு போட்டுவிட்டால் நீரோட்டம் அதைப் பிய்த்துக்கொண்டு போகாது. நண்டு அரித்துவிட்டதா என்று அடிக்கடி தூக்கிப் பார்க்க வேண்டும். வெறும் கொக்கியோடு அரை மணி நேரம் தவம் இருப்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கலாம்.

மீன் கடித்தது எப்படித் தெரியும்?

இவ்வளவு பெரிய மீன், ராடைப் பிடுங்கிக்கொண்டு போகும் என்று நினைப்பீர்கள். நுனி இரண்டு தடவை லேசாகத் துடிக்கும், அவ்வளவுதான். காற்றா, அலையா என்று சந்தேகம் வரும். ராடைத் தாங்கியிலிருந்து மெல்ல எடுத்து, நுனியை நீர்ப் பக்கம் தாழ்த்தி, காத்திருக்க வேண்டும். மறுபடி துடிக்கும். மறுபடி காத்திருக்க வேண்டும். பிறகு ஒரு கட்டத்தில் துடிப்பு நின்று, யாரோ நரம்பைப் பிடித்து நிதானமாக நடந்து போவது போன்ற ஓர் இழுப்பு வரும். அப்போது ஓங்கி இழுங்கள். முதல் துடிப்பிலேயே இழுத்தால் வெறும் நெத்திலித் தலைதான் வரும்.

மாட்டியதும் மற்ற ஐந்து பேரும் தங்கள் தூண்டில்களைச் சுருட்டிவிட வேண்டும். கேட்டுவிட்டுச் செய்யாதீர்கள், கத்தியதும் செய்யுங்கள். நரம்புகள் சிக்கினால் எல்லோருக்கும் நஷ்டம். சில ஸ்டர்ஜன் முழு உடலும் தெரியத் தண்ணீருக்கு மேலே எகிறும், அந்த நொடியில் நரம்பு தளராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆளைவிடப் பெரிய மீன் மாட்டினால்?

மிதவையைக் கழற்றி, மீனோடு படகையும் விட வேண்டியதுதான். கை மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள். முடிந்தவரை சீக்கிரம் படகருகே கொண்டுவருவதுதான் மரியாதை. மணிக்கணக்கில் இழுத்து அலுக்கவைத்தால் விட்ட பிறகு அது பிழைப்பது கஷ்டம். நீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றுங்கள். செவுளில் கைவிடக்கூடாது, வாலைப் பிடித்துத் தொங்கவிடக்கூடாது. தலையை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பிப் பிடித்திருந்தால் செவுள் வழியாக நீர் ஓடும், தெம்பு வந்ததும் அதுவே உதறிக்கொண்டு போய்விடும். போகும்போது முகத்தில் அரை வாளித் தண்ணீர் அடித்துவிட்டுப் போவது வழக்கம்.

பச்சை ஸ்டர்ஜன் என்று ஒன்று உண்டாமே?

உண்டு. கோடையில் இதே முகத்துவாரத்துக்கு வரும். தெற்கே சாக்ரமெண்டோ ஆற்றில் பிறக்கும் அதன் கூட்டம் 2006 முதல் அமெரிக்காவின் அருகிவரும் உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. எந்த அளவாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். வயிற்றில் நீளவாக்கில் பாசிப்பச்சைக் கோடு இருக்கும், பக்கவாட்டுத் தகடுகள் முப்பதுக்குள் அடங்கும். வெள்ளை ஸ்டர்ஜனுக்கு 38-க்குக் குறையாது. சந்தேகம் என்றால் விட்டுவிடுங்கள்.

சாப்பிட எப்படி இருக்கும்?

அருமையாக இருக்கும், சுத்தம் செய்யத் தெரிந்தால். பிடித்ததும் செவுளை வெட்டி ரத்தத்தை வடியவிட்டு ஐஸில் போட வேண்டும். ஆனால் தலையும் வாலும் முழுதாக இருக்கட்டும். கரையில் மீன்வளத் துறை ஆட்கள் அளந்து பார்ப்பார்கள்.

வீட்டில் தோலோடு தகடுகளை நீக்குங்கள். முதுகுத்தண்டு இருக்கும் இடத்தில் நீளமாக ஒரு வெள்ளைக் குழாய் இருக்கும், அதை உருவி எடுத்துவிடலாம். பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையையும் மஞ்சள் கொழுப்பையும் தயவுதாட்சண்யம் இல்லாமல் சீவித் தள்ளுங்கள். சேற்று வாடை எல்லாம் அதில்தான். மிச்சம் இருப்பது கெட்டியான வெள்ளைச் சதை. முள் என்று பெரிதாக இல்லாததால் குழந்தைகளுக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம்.

குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் உடையாது என்பது இதன் பெரிய குணம். புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து, சின்ன வெங்காயம், வெந்தயம் தாளித்து வைத்த குழம்பு மறுநாள் இட்லிக்கு இன்னும் நன்றாக இருக்கும். வறுவலுக்கு விரல் தடிமனுக்கு மேல் வெட்டாதீர்கள், நடுவே வேகாது.

முட்டை கிடைக்குமா? கேவியர் செய்யலாமா?

கிடைக்காது. 44 முதல் 50 அங்குல மீன் இன்னும் பருவமே அடையாதது. முட்டை உள்ள மீன் பொதுவாக அந்த அளவைத் தாண்டியது, அதை எடுக்கவே முடியாது. விற்பது பற்றிக் கேட்கிறவர்களுக்கு: பொழுதுபோக்கு உரிமத்தில் பிடித்த மீனின் எந்தப் பகுதியையும் விற்பது குற்றம்.

எங்கே தங்குவது?

ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் மாநிலப் பூங்கா. படகுத்துறைக்கும் கடற்கரைக்கும் பக்கம். கூடாரம் அடிக்க விருப்பமில்லாதவர்களுக்கு யூர்ட் எனப்படும் வட்டக் குடில்கள் உண்டு, கட்டிலும் ஹீட்டரும் இருக்கும். ஆறு மாதத்துக்கு முன்பே முன்பதிவு திறக்கும், திறந்ததுமே போய்விடும். டிசம்பரிலேயே ஆள் கணக்கு கேட்டு நச்சரிப்பது இதனால்தான். அஸ்டோரியாவில் கிழக்குத் துறைக்குப் பக்கத்தில் அறை எடுத்தால் கடல்சிங்கங்கள் இரவெல்லாம் குரைக்கும், காதடைப்பான் கொண்டுவாருங்கள்.

மீன் பிடிக்காதவர்கள் வந்தால் என்ன செய்வார்கள்?

பூங்காவின் கடற்கரையிலேயே 1906-இல் தரைதட்டிய பீட்டர் அயர்டேல் கப்பலின் இரும்புக்கூடு நிற்கிறது. நீர் வற்றியிருக்கும்போது பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஊரில் கொலம்பியா ஆற்றுக் கடல்சார் அருங்காட்சியகம் அரை நாளுக்குத் தாங்கும். குன்றின் மேல் 1926-இல் கட்டிய அஸ்டோரியா தூண், உள்ளே 164 படிகள். மேலேயிருந்து பார்த்தால் நம் படகுகள் பாலத்தடியில் புள்ளிகளாகத் தெரியும்.

பெரிய ஸ்டர்ஜனைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிற குழந்தைகளை வேறொரு நாள் எதிர்த்திசையில் பானவில் மீன் பண்ணைக்குக் கூட்டிப்போங்கள். அங்கே ஹெர்மன் என்று பெயரிட்ட பத்தடிக்கு மேற்பட்ட கிழட்டு ஸ்டர்ஜன் ஒன்று கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் சாவகாசமாக நீந்திக்கொண்டிருக்கும்.

படகில் என்ன சாப்பாடு? என்ன உடை?

புளியோதரை, பொடி இட்லி, வேகவைத்த முட்டை. ஒரு கையில் சாப்பிட முடிகிற எதுவும் சரி. குமட்டலுக்கு இஞ்சி மரப்பா கைவசம் இருக்கட்டும். வழக்கமாகப் படகில் தலைசுற்றுகிறவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். ஏறிய பிறகு போட்டால் பயனில்லை.

வாழைப்பழம் மட்டும் வேண்டாம். அமெரிக்கப் படகுக்காரர்களுக்கு அது பெரிய அபசகுனம். நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தைக் கண்டு கேப்டன் முகம் மாறியதை நேரில் பார்த்திருக்கிறேன். அது வறுத்த வாழைக்காய், பழம் இல்லை என்று வாதாடிப் பயனில்லை. காரிலேயே வைத்துவிடுங்கள்.

மே மாதம் என்று டி-ஷர்ட்டில் வந்துவிடாதீர்கள். விடியற்காலையில் 10 டிகிரிதான் இருக்கும், நீர்மேல் காற்றும் சேரும். உள்ளே கம்பளி, வெளியே மழை அங்கி, காலில் ரப்பர் பூட்ஸ். ஜீன்ஸ் நனைந்தால் அன்று முழுக்கக் காயாது. 12 வயது வரை உள்ள குழந்தைகள் படகு ஓடும்போது உயிர்காப்பு உடை அணிவது சட்டம். எங்கள் படகில் தாத்தா பாட்டி உட்பட எல்லோருக்கும் அதுதான் விதி.

செலவு எப்படிப் பிரிப்பது? மீன் எப்படிப் பிரிப்பது?

படகு, தங்குமிடம், ஐஸ், பெட்ரோல் மொத்தமாகக் கூட்டித் தலைக்கு வகுத்துவிடுவோம். படகில் ஏறாதவர்களுக்குப் படகுக் கணக்கு இல்லை. உரிமம் அவரவர் பொறுப்பு. சட்டப்படி மீன் பிடித்தவர் பெயரில்தான் பதியப்படும். ஆனால் சனி இரவு பூங்காவில் வைக்கும் குழம்பு எல்லோருக்கும் பொது. மிச்சம் இருந்தால் பிடித்தவர் வீட்டுக்கு. ஒன்றும் கிடைக்காத சனிக்கிழமைகளுக்காக ஐஸ் பெட்டியின் அடியில் கோழியும் இருக்கும். அதை யாரும் முன்கூட்டியே வெளியே எடுக்கக்கூடாது என்று ஒரு பேச்சு.

வானிலை கெட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேப்டன் ரத்து செய்தால் பொதுவாக முன்பணம் திரும்பும், அல்லது வேறு தேதிக்கு மாறும். பதிவு செய்யும்போதே இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக வராமல் நின்றால் கிடைக்காது. போவதா வேண்டாமா என்பதைக் கேப்டன் முதல் நாள் இரவோ அன்று விடியற்காலையோ சொல்வார். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பேரம் பேசாதீர்கள். அப்படி நின்றுபோன சனிக்கிழமையில் கைப்பேசியை அணைத்துவிட்டு இன்னும் இரண்டு மணி நேரம் தூங்கலாம், அருங்காட்சியகம் காலை ஒன்பதரைக்கு மேல்தான் திறக்கும்.